சாவி கொடுப்பதற்கு முன் 2 ஆண்டுகள்: குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி?

என் மகள் பிளஸ் ஒன் சேர்ந்த வாரமே ஸ்கூட்டர் சாவியைக் கேட்டாள். எங்கள் வீடு தக்கலையிலிருந்து உள்ளே தள்ளி, சானல்கரை (கால்வாய்க் கரை) ஓரம். டியூஷன் முடிந்து வரும்போது மினி பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். "கூடப் படிக்கவங்க எல்லாரும் வண்டியிலதாம்ப்பா வாறாங்க" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. பள்ளி விடும் நேரத்தில் நம் ஊர் ரோட்டில் நின்று பார்த்தால் யூனிபார்மோடு ஒரே வண்டியில் மூன்று பேர் போவதைத் தினமும் பார்க்கலாம்.

ஆனால் எனக்குச் சாவியைக் கொடுக்கக் கை வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகனுக்கு 15 வயதில் சாவியைக் கொடுத்தவன் நான்தான். பக்கத்துக் கடையில் அரிசி வாங்கி வரத்தான் அனுப்பினேன். மழை விட்ட நேரம். வளைவில் ரப்பர் இலை நனைந்து கிடந்தது. வண்டி சறுக்கி, தொடை எலும்பு முறிந்தது. ஒரு வருடப் படிப்பு போனது. அவனுக்கு ஆக்சிலேட்டரை முறுக்கத் தெரியும், பிரேக் பிடிக்கத் தெரியும். நனைந்த இலை மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால் மகளிடம் ஓர் ஏற்பாடு சொன்னேன். 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போடலாம். அதுவரை இருக்கும் 2 ஆண்டில் வண்டியை ஓட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சொல்லித் தருகிறேன். அப்படித்தான் செய்தோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மகனுக்கும் மகளுக்கும் ஒரே முறைதான். நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்காவது யாராவது கூட நின்று கற்றுக்கொடுக்கிறார்கள். பையன்கள் பெரும்பாலும் கூட்டாளிகளிடமிருந்துதான் கற்கிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை.

உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலையில் இறந்திருக்கிறார்கள். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் கிடைப்பது 50 சிசி வரை உள்ள, கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110 சிசி, 125 சிசி. அவற்றுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். எலெக்ட்ரிக் வண்டியிலும் இந்தக் குழப்பம் உண்டு. மோட்டார் 250 வாட்டுக்கு உள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருக்கும் சின்ன வண்டிக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. வண்டியில் பச்சை நம்பர் பிளேட் இருந்தால் அது பதிவு செய்த வண்டி, லைசென்ஸ் வேண்டும்.

18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும்தான் முதலில் பிடிக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும்படி தீர்ப்புகள் வந்திருக்கின்றன. விளையையோ (தோட்டத்தையோ) வீட்டையோ விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

படி 1: பின் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் படிப்பது (16 வயது முதல்)

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். செலவில்லை, சட்டத்தில் தடையில்லை, ஆபத்தும் இல்லை. மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது ஒரே கேள்வியைக் கேட்பேன்: "அடுத்து என்ன நடக்கும், சொல்லு மக்களே?"

முதல் வாரம் அவள் கண்ணில் பட்டதெல்லாம் கடை போர்டுகள்தான். மெல்ல மெல்லப் பார்வை மாறியது. நின்றிருக்கும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆள் குறுக்கே வரலாம். ஓரமாக நிற்கும் காரில் டிரைவர் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம். முடுக்கிலிருந்து பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே ஒரு குழந்தை வரும். மூன்றாம் மாதம் நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் போகும்போது, "அந்த ஆட்டோக்காரரு கழுத்தைத் திருப்புறாரு, சட்டுனு வெட்டப் போறாரு" என்றாள். அப்படியே நடந்தது. நான் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தேன். அன்றைக்குத்தான் இவள் ஓட்டுவாள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆபத்தை எடைபோட்டு, ஆசையை அடக்கி நிறுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு 20 வயதுக்கு மேல் சில ஆண்டுகள் ஆகும். கையும் காலும் அதற்கு முன்பே வேகமாகக் கற்றுவிடும். ஒரே வாரத்தில் வண்டி ஓட்டப் பழகிய பிள்ளை ரோட்டைப் பார்க்கப் பழக மாதக் கணக்கில் ஆகும். எட்டு போட்டுக் காட்டும் டெஸ்டில் கண்ணுக்குப் பரீட்சை இல்லை.

இன்னொன்று. அவள் பின்னால் உட்கார்ந்து என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போன் வந்தது, ஓட்டிக்கொண்டே எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்தேன். "அப்பா, இது மட்டும் நான் படிக்க வேண்டாமா?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் ஹெல்மெட் பட்டையைப் போடட்டும், ஒன்வேயில் எதிரே போவதை நிறுத்தட்டும்.

இந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்ட விடுங்கள். திரும்பும் முன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தோளுக்கு மேல் பின்னால் ஒரு பார்வை பார்ப்பது, இடப்பக்கம் விலகிப் போவது, சாலையைக் கடக்கும் முன் நிற்பது எல்லாம் சைக்கிளிலேயே படிந்துவிடும்.

படி 2: ஹெல்மெட், டயர், பிரேக்

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டுப் பட்டையை மாட்டிய பிறகு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தால் கழன்று வரக் கூடாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு அடியைத்தான் வாங்கும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அதுதான் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா, காற்று சரியா, பிரேக் லைட் எரிகிறதா, சைடு ஸ்டாண்ட் தளர்ந்திருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.

முன் பிரேக்கைத் தொடாதே என்று நம்மில் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது தவறு. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்தும் பலம் முன் சக்கரத்தில்தான் அதிகம். இரண்டையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும் மணல் மேலும் மட்டும் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழ் உள்ளவற்றில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயம். உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் இதை இன்னும் கவனமாகப் பழக்குங்கள்.

படி 3: எல்.எல்.ஆர்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குப் போய் விண்ணப்பிக்கலாம். நாகர்கோவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் குறியீடு டி.என். 74, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழிப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: 25 மீட்டர் தூரத்தில் நல்ல வெளிச்சத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிகிறதா? அதை யோசிக்காமல் 'ஆம்' என்று போட்டுவிடுகிறோம். வாசலில் நின்று உண்மையிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு லேசான கிட்டப்பார்வை இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். வெள்ளையில் சிவப்பு 'எல்' முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் அதை வைத்துப் பைக் ஓட்ட முடியாது. இதை விண்ணப்பிக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 4: மைதானம்

முதல் இரண்டு ஞாயிறு ரோட்டுக்கே போகவில்லை. ஒரு வெறும் மைதானத்தில் முதலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளச் சொன்னேன். எடை கைக்குப் பழகட்டும் என்றுதான். அப்புறம் நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பழகினாள். மெதுவாக ஓட்டுவதுதான் கடினம். அது வந்துவிட்டால் வேகம் தானாக வரும்.

இங்கே கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு பயிற்சி உண்டு. ஒரு தென்னை மட்டையைக் குறுக்கே போடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, மட்டையைத் தாண்டியதும் பிரேக் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் இன்னொரு மட்டை. அப்புறம், மைதானம் நீளமாக இருந்தால், 40-ல் வந்து அதையே செய்யட்டும். வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரமோ ஏறக்குறைய நான்கு மடங்கு. என் மகள் தூரத்தைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, மறுபடியும் போய் அளந்தாள். நான் எத்தனை தடவை வாயால் சொல்லியிருந்தாலும் அப்படிப் பதிந்திருக்காது. பிறகு கணக்கையும் சொன்னேன். 40-ல் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் போகும், 60-ல் ஏறக்குறைய 17 மீட்டர். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை பிரேக்குக்குப் போகவே ஒரு வினாடி ஆகும். போனை இரண்டு வினாடி பார்த்தால் 40-லேயே 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகிறது.

படி 5: ரோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக

நம் மாவட்டம் சிறியது. ஆனால் மலை, கடற்கரை, காற்று, சந்தை நெரிசல் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டக் கூடாது. ஒன்றில் பதற்றம் போன பிறகுதான் அடுத்தது.

சானல்கரையில் தொடங்குங்கள். ஆள் குறைவு. ஆனால் பல இடங்களில் தடுப்புச்சுவர் இல்லை. எதிரே கார் வந்தால் ஒதுங்கிப் போக முயல வேண்டாம், நின்று வழி விட வேண்டும். குளத்தங்கரை ரோட்டிலும் இதேதான். நின்று கொடுப்பது மரியாதைக் குறைவில்லை என்று பையன்களுக்கு நான் தனியாகச் சொல்வேன்.

அடுத்தது திருவட்டாறு, குலசேகரம், அருமனைப் பக்கத்து வளைவுகள். இருபுறமும் ரப்பர்த் தோட்டம், பகலிலும் நிழல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போன பிறகு குறைப்பது ஆபத்து. ஹார்ன் அடித்து, இடது ஓரத்தை விடாமல் போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும். அதில் பனியோ மழையோ பட்டால் எண்ணெய் தடவியது மாதிரி. என் அக்கா மகன் விழுந்ததும் அதில்தான்.

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாகப் போகும் கடற்கரைச் சாலையில் மணல். காற்று கொண்டுவந்து போட்ட மணல் ரோட்டின் நிறத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தால் ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கும் பிடிக்காமல், முறுக்கவும் செய்யாமல் உருள விட வேண்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் கணவாயில் அவ்வளவு காற்று இருப்பதால்தான். ஆனி, ஆடியில் ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய லாரியை ஒட்டிப் போகும்போது லாரி காற்றை மறைத்துக்கொள்ளும். அதைத் தாண்டிய அந்த நொடி காற்று மொத்தமாக வந்து அறையும். புதிதாக ஓட்டுபவர்கள் அங்கே லாரியை முந்தவே வேண்டாம்.

டிப்பர் லாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லும் மணலும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் லாரிகள் நம் ரோட்டில் அதிகம். அதன் இடப்பக்கம் டிரைவருக்குத் தெரியாத பெரிய இடம் இருக்கிறது. லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் எந்த அவசரமாக இருந்தாலும் நுழையக் கூடாது. நின்றிருக்கும் லாரியாக இருந்தாலும் நுழையக் கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு, நின்றிருந்த லாரி ஒன்றை அதன் டிரைவரிடம் கேட்டு, மகளை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். நான் இடப்பக்கம் போய் நின்றேன். "அப்பா, நீங்க எங்க நிக்கிய?" என்று மேலிருந்து கேட்டாள்.

மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்களில் ஏறுவதா கீழே போவதா என்பதைப் பிரியும் இடத்துக்கு மிக முன்பே முடிவு செய்துகொண்டு வரிசையைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் நேராகப் போய்ச் சுற்றி வரட்டும்.

மழை கடைசிப் பாடம். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் தூறலில்தான் ரோடு அதிகம் வழுக்கும். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மேலே வரும். கனமழை பெய்து கழுவிய பிறகு ஓரளவு பரவாயில்லை, ஆனால் தண்ணீருக்கு அடியில் குழி தெரியாது. குடை பிடித்தபடி பின்னால் யாரும் உட்காரக் கூடாது.

படி 6: எட்டு

படி 4-ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. பார்வையை முன் சக்கரத்தில் வைக்காமல் போகப் போகும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

படி 7: லைசென்ஸ் வந்த பிறகு முதல் ஓராண்டு

லைசென்ஸ் கையில் வந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். புதிதாக ஓட்டுபவருக்குத் தனியே ஓட்டும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. நியூசிலாந்தில் 1987-லேயே இதற்காகப் படிநிலை லைசென்ஸ் கொண்டுவந்தார்கள். முதலில் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார்கள். நம் சட்டத்தில் அது இல்லை. வீட்டில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் 3 மாதம் பகலில், தெரிந்த ரோட்டில், தனியாக மட்டும். அடுத்த 3 மாதம் அம்மாவையோ பாட்டியையோ ஏற்றலாம். கூட்டாளிகளை ஏற்றுவது அதற்கும் பிறகு. பின்னால் சிரித்துப் பேசும் ஆள் இருந்தால் கை தானாக முறுக்கும், பையன்களுக்கு இது இரட்டிப்பு. ஆறு மாதம் கழித்து அந்தி நேரம். எதிரே ஹை பீம் வந்தால் வெளிச்சத்தைப் பார்க்காமல் இடது ஓரத்துக் கோட்டைப் பார்ப்பதை அப்போது பழக்கினேன். மூன்று பேர் ஏறுவது எப்போதும் கிடையாது. அதற்கும் ஹெல்மெட் இல்லாததற்கும் தலா 1,000 ரூபாய் அபராதமும் 3 மாத லைசென்ஸ் முடக்கமும் உண்டு.

அந்தத் தாளில் எனக்கும் ஒரு விதி இருந்தது. எந்த நேரத்தில், எங்கிருந்து கூப்பிட்டு "வண்டி ஓட்ட முடியலப்பா" என்று சொன்னாலும் நான் போய்க் கூட்டிவருவேன், திட்ட மாட்டேன், காரணம் அன்றைக்குக் கேட்க மாட்டேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு என்று பையன்கள் கூடும் இரவுகளில் குடியும் இருக்கும். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். குடித்த கூட்டாளியின் பின் சீட்டில் ஏறுவதும் அதே அளவு ஆபத்து. திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அந்த வண்டியில் ஏறுகிறார்கள். என் மகள் ஒரு தடவை கூப்பிட்டாள். நாகர்கோவிலில் ஒரு ரிசப்ஷன், நல்ல மழை. பஸ்ஸில் போய், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் வந்தோம்.

விபத்து நடந்தால்

இதையும் முன்பே சொல்லிக் கொடுங்கள். முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும், பின்னால் வரும் வண்டிகளை ஒருவர் கை காட்டி நிறுத்த வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, இடத்தைப் பக்கத்துக் கோயில், பள்ளி, பாலம் என்று அடையாளத்தோடு சொல்ல வேண்டும். விழுந்தவரின் ஹெல்மெட்டை மூச்சுத் திணறினால் ஒழிய இழுத்துக் கழற்றக் கூடாது, கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்தில் இருக்கிறது. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது, அவர் மேல் வழக்கும் போட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதையொட்டிய விதிகளும் அதற்காகத்தான். நிற்காமல் போய்விடாதே என்று பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கார் கற்க வேண்டுமென்றால்

டிரைவிங் ஸ்கூலில் சேர்க்கும் முன் எத்தனை நாள், கையில் ஸ்டியரிங் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். விதிப்படி 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஸ்கூட்டருக்குச் சொன்ன ரோட்டு வரிசையையே காரிலும் மறுபடி முதலிலிருந்து போங்கள். சானல்கரை காரில் முற்றிலும் வேறு ரோடு.

என் மகளுக்கு லைசென்ஸ் வந்து இப்போது 10 மாதம் ஆகிறது. அந்தத் தாளில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்து, இன்னும் அடிக்காமல் ஒரு வரி மட்டும் இருக்கிறது: மழையில் இரவுப் பயணம். "இது எப்போப்பா?" என்று போன வாரம் கேட்டாள். ஐப்பசி மழை வரட்டும், முதல் நாள் நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.